'லாஸ்ட் மீடியா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மீ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்புக்கான ஊடகவியல் துணைப்பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கான, காணாமற்போன நிகழ்ச்சிகளைத் தேடுவது பற்றி அதில் ஓர் இயல் உண்டு. இப்படிப் பார்க்கக் கிடைக்காமல் போனவற்றை ஆங்கிலத்தில் 'லாஸ்ட் மீடியா' என்கிறார்கள். அதற்குத் 'தொலைந்த ஊடகம்' என்று எழுதியிருந்தேன். ஊடகமா தொலைந்தது, அதில் வந்த நிகழ்ச்சிதானே என்று மெய்ப்புப் பார்த்தவர் கேட்டுவிட்டார். பாடத்தின் முதல் எடுத்துக்காட்டு, 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சித் தொடரில் 1970களின் நடுவில் வந்த 'கிராக்ஸ்' என்னும் சிறு அசைவூட்டப் படம். படுக்கையில் கிடக்கும் சிறுமி சுவர் விரிசல்களில் ஒட்டகத்தையும் குரங்கையும் கோழியையும் காண்கிறாள். சிறுவயதில் அதைப் பார்த்து மிரண்டவர்கள் வளர்ந்த பிறகும் தேடிக்கொண்டிருக்க, 2013இல்தான் அது பொதுவெளிக்கு வந்தது.

க. எழுதியது:
'தொலைபதிவு' என வினைத்தொகையாக ஆளலாம். தொல், தொலை, தொன்மை ஆகியவை ஒரே வேரின என்பது என் நெடுநாள் கருத்து. பழமையாவதே தொலைவதன் முதற்படி. சங்கப் பாடல்களில் 'தொலையா' என்பது 'கெடாத' என்னும் பொருளிலும் வருகிறது. ஆகவே தொலைதல் என்பது இடம் தவறிப்போவது மட்டுமன்று, கெட்டழிதலும் ஆகும். இரண்டையும் ஒரே சொல் சுமக்கும்போது வேறு என்ன வேண்டும்?

ந. எழுதியது:
ஐயா வேரைத் தோண்டிக்கொண்டே போய்க் கிளையை மறந்துவிட்டார். தொலைபேசியும் தொலைநகலும் பழகிய மாணவர், 'தொலைபதிவு' என்றால் எங்கோ இருந்தபடி பதிவு செய்வது என்றே கொள்வார். வினைத்தொகையோ முக்காலத்துக்கும் பொது. இனிமேல் தொலையப்போகும் பதிவையும் அது குறித்துவிடும். நம் உரையாசிரியர்கள் மறைந்த நூல்களை 'இறந்துபட்டன' என்றார்கள். 'இறந்துபட்ட நிகழ்ச்சி' என்று அந்த மரபைத் தொடரலாமே.

மீ. எழுதியது:
அம்மா, பதினோராம் வகுப்பு மாணவர் அதைப் படித்துவிட்டு நடிகர் யாரோ காலமாகிவிட்டார் என்று நினைப்பார்.

சு. எழுதியது:
ஆவணக் காப்பகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் ஒரு சொல்லைத் தேடுகிறீர்கள். இங்கே இருப்பவை மூன்று நிலைகள். பிபிசி, 1960களிலும் 70களிலும் விலைமிகுந்த வீடியோ நாடாக்களைத் துடைத்து மறுபடி பயன்படுத்தியதால் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரின் பல பகுதிகள் அழிந்தன. வெளிநாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகள் தப்பியதால்தான் அவற்றுள் ஒன்பது நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்தன. 2013இல் அச்செய்தி வெளியானது. வளையாபதியின் மூலம் போய், பிற நூல்களில் எடுத்தாளப்பட்ட பாடல்கள் மட்டும் நமக்குக் கிடைத்ததைப் போன்றது இது. ஆனால் 'செசமி ஸ்ட்ரீட்'டின் 847ஆம் பகுதி அப்படிப்பட்டதன்று. நடிகை மார்கரெட் ஹாமில்டன் சூனியக்காரியாக வந்த அது 1976 பிப்ரவரியில் ஒளிபரப்பாயிற்று. குழந்தைகள் பயந்துபோனதாகப் பெற்றோர் எழுதிக் குவித்ததால் மறுபடி காட்டப்படவில்லை. அது அழியவில்லை, முடக்கப்பட்டது. 2022இல் இணையத்தில் வெளிப்பட்டது. மூன்றாவது, அதே தொடருக்காக 1992இல் எடுக்கப்பட்ட மணமுறிவுக் கதை. ஒளிபரப்புக்கு முன் சோதனையாகப் பார்த்த சிறுவர்கள், பெற்றோர் பிரிந்தால் தங்கள் மீது அன்பில்லாமல் போய்விடும் என்று புரிந்துகொண்டதால் அது ஒளிபரப்பேறவே இல்லை. ஒளிபரப்பாகாததைத் 'தொலைந்தது' என்பது எப்படி? எனவே 'அழிபதிவு', 'முடக்கப் பதிவு', 'ஒளிபரப்பாப் பதிவு' என மூன்றாகப் பிரியுங்கள்.

க. எழுதியது:
'ஒளிபரப்பாப் பதிவு' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாகச் சரியே. ஆயினும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும். 'காணாப் பதிவு' இனிமையாக இருக்கும்.

ந. எழுதியது:
'காணாப் பதிவு' என்றால் எவரும் காணாதது. 'கிராக்ஸ்' படத்தைத் தேடியவர்கள் அனைவரும் அதைக் கண்டவர்கள். கண்டதால்தானே தேடினார்கள்!

மீ. எழுதியது:
இனிக் காலம் தாழ்த்த இயலாது. இயலின் தலைப்பில் 'காணாமற்போன பதிவுகள்' என்றே போடுகிறேன். நீளம்தான், ஆனால் விளக்கம் தேவைப்படாது. உள்ளே சு. அவர்களின் பிரிப்பை ஏற்று, 'அழிந்தவை', 'முடக்கப்பட்டவை', 'ஒளிபரப்பாகாதவை' என்று எளிய சொற்களால் எழுதுகிறேன். அரைமனத்தோடு என்றாலும் பெரும்பாலோர் ஒப்புவர் என நம்புகிறேன்.

க. எழுதியது:
அது சொற்றொடர், கலைச்சொல் அன்று. 'காணாமற்போன பதிவு' என்பதிலிருந்து ஒரு வினையையோ, அதைத் தேடுபவருக்கு ஒரு பெயரையோ ஆக்க முடியுமா? என் மறுப்பு நிற்கிறது. அடுத்த பதிப்பின்போது 'தொலைபதிவு' பற்றி மீண்டும் எழுதுவேன்.