உறைபனி நிலத்தில் பழம்பொருள் பாதுகாப்பு: சென்னையில் பெற்ற பயிற்சி உதவுமா?

கேள்வி (மாணவி, எழும்பூர்):
பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி பெற்று வருகிறேன். அண்டார்க்டிகாவின் ராஸ் தீவில், நூறாண்டுக்கு முன் தென்துருவத்தை நாடிச் சென்ற பயணிகளான ஸ்காட், ஷாக்கிள்டன் ஆகியோர் தங்கிய மரக்குடில்களைப் பேணும் பணியில் சேர விரும்புகிறேன். அவ்வளவு குளிரில் பொருட்கள் தாமாகவே கெடாமல் இருக்குமே, பாதுகாப்பாளருக்கு அங்கே என்ன வேலை? நம் ஊர்ப் புழுக்கத்தில் கற்றது அங்கே பயன்படுமா? மூத்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வுபெற்ற அருங்காட்சியக வேதியியலர், மயிலாப்பூர்):
குளிர் அனைத்தையும் காத்துவிடாது, அம்மா. அக்குடில்கள் கடலோரத்தில் நிற்பதால், காற்றில் வரும் உப்பு மரத்துக்குள் இறங்கிப் படிகமாகி அதனை இழை இழையாகப் பிரிக்கிறது. கோடையில் உருகும் பனிநீர் தரைக்கடியில் புகுந்து, 1908-லும் 1911-லும் கொண்டுசெல்லப்பட்ட உணவுத் தகர டப்பாக்களைத் துருப்பிடிக்கச் செய்கிறது. ஈரம் தங்கும் இடங்களில் மரத்தை அரிக்கும் பூஞ்சையும் வளர்கிறது. ஆகவே சுற்றிலும் குவியும் பனியை அகற்றுவதே அங்கு முதன்மையான பாதுகாப்புப் பணியாகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கிய வேதியியல் கூடம் செப்புத் திருமேனிகளை அரிக்கும் குளோரைடு என்னும் உப்புக்கூறுடன்தான் போராடி வந்திருக்கிறது. செம்பானாலும் தகரமானாலும் பகை அதே உப்புதான் என்பதால், உங்கள் பயிற்சி வீணாகாது என்று உறுதியாகக் கூறுவேன்.

புதிதாகக் கற்க வேண்டியது பொறுமையான வெப்பமாற்றம். உறைந்த பொருளை நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் நீர் படிந்துவிடும். ஷாக்கிள்டன் குடிலுக்கடியில் உறைந்து கிடந்த விஸ்கிப் பெட்டி 2010-இல் வெட்டியெடுக்கப்பட்டபோது, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர அருங்காட்சியகத்தில் அதனைப் பல நாட்கள் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாகவே உருகவைத்தார்கள்.

மறுமொழி (காகித, துணிப் பாதுகாப்பாளர், அடையாறு):
நியூசிலாந்தின் அண்டார்க்டிக் பாரம்பரிய அறக்கட்டளை 2006 முதல் சில ஆண்டுகள் பன்னாட்டுப் பாதுகாப்பாளர்களைச் சிறு குழுவாக, ராஸ் தீவிலுள்ள அந்நாட்டு ஆய்வு நிலையமான ஸ்காட் தளத்தில் குளிர்காலம் முழுவதும் தங்கவைத்தது. அங்கே ஏறத்தாழ நான்கு மாதங்கள் சூரியன் எழுவதில்லை. கோடையில் குடிலருகே கூடாரத்தில் தங்கி வேலை செய்ய வேண்டும். ஒரு பசை தீர்ந்துவிட்டால் பாரிமுனைக்குச் சென்று வாங்கிவர இயலாது. கையில் இருப்பதைக் கொண்டு, பொருளுக்குத் தீங்கின்றி முடிவெடுக்கும் திறனையே நான் முதல் தகுதியாகக் கருதுகிறேன். ஒரே துறையில் ஆழ்ந்துவிடாமல் உலோகம், மரம், துணி, காகிதம் ஆகிய நான்கிலும் கைப்பழக்கம் பெறுங்கள்.

மறுமொழி (வரலாற்று ஆர்வலர், தாம்பரம்):
நமக்கும் அங்கே ஒரு சின்னம் உண்டு. 1982 ஜனவரி 9 அன்று கரையிறங்கிய முதல் இந்தியக் குழுவினரின் பெயர்கள் பொறித்த பலகை, அண்டார்க்டிக் உடன்படிக்கையின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 44-ஆம் எண்ணாக இடம்பெற்றுள்ளது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்துக்கு இப்போதே எழுதி, இத்தகைய பணிக்கு வாய்ப்புண்டா என்று கேளுங்கள்.