கத்யூஷாவுக்கு அடியில அமெரிக்க லாரியா?

மணி_டீசல்: ரெண்டாம் உலகப்போர் போட்டோ பாத்துட்டு இருந்தேன். கத்யூஷா ராக்கெட் லாஞ்சர், ரஷ்யாவோட பேர் போன ஆயுதம், ஆனா அதை ஏத்தியிருக்குற வண்டி ஸ்டூட்பேக்கர்னு போட்டிருக்கு. அது அமெரிக்க கம்பெனியாச்சே? ரஷ்யாகிட்ட சொந்த லாரி இல்லையா?

கியர்பாக்ஸ்: இருந்துச்சு ப்ரோ, காஸ்-ஏஏ, ஜிஸ்-5. பாவம், நல்லா உழைச்ச வண்டிங்க, ஆனா ரெண்டுலயும் பின் வீல் மட்டும்தான் இழுக்கும். அந்த ஊர்ல பனி உருகுனா மண் ரோடெல்லாம் களி மாதிரி ஆயிடும், பின் வீல் சுத்திக்கிட்டே அச்சு வரைக்கும் உள்ள போயிடும். ஸ்டூட்பேக்கர் யூஎஸ்6ல மூணு அச்சுக்கும் பவர் போகும், முன் வீலும் சேர்ந்து இழுக்கும். கணக்குக்கு ரெண்டரை டன் வண்டி, இவங்க அதுக்கு மேலயும் லோடு ஏத்துனாங்க. 1943ல இருந்து கத்யூஷாவுக்கு இதுதான் வழக்கமான வண்டி. அமெரிக்க ராணுவம் தனக்கு ஜிஎம்சிங்கிற இன்னொரு அமெரிக்க கம்பெனி லாரியை வச்சுக்கிட்டு இதுல பெரும்பகுதியை ரஷ்யாவுக்கே அனுப்பிடுச்சு, அங்க பட்டாளத்துல "ஸ்டூடர்"னு செல்லப் பேரே வச்சுட்டாங்க.

பழைய_வரைபடம்: ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன், இதை வச்சு அமெரிக்கா லாரி குடுத்ததாலதான் ரஷ்யா பொழைச்சுச்சுன்னு சிலர் பேசுறாங்க, அது எனக்கு ஒப்பாது. 1941ல மாஸ்கோவைக் காப்பாத்துனப்போ இந்த லாரிங்க பெருசா வந்து சேரவே இல்ல, ஸ்டாலின்கிராட்லயும் பெரும்பாலும் அவங்க சொந்த வண்டியும் குதிரையும்தான். மொத்தமா வந்து குவிஞ்சது 1943க்கு அப்புறம். ஆனா 1944 ஜூன்ல பெலாரஸ்ல ரஷ்யாக்காரங்க ஜெர்மன் படையை அடிச்சாங்களே, அங்க இதோட அருமை தெரியும். டாங்கி முன்னால போயிடும், பின்னாடியே குண்டும் பெட்ரோலும் ரொட்டியும் போகலைன்னா ரெண்டு நாள்ல அது வெறும் இரும்பு. ஜெர்மனி அப்பவும் பாதிக்கு மேல குதிரை வண்டியிலதான் சாமான் இழுத்துட்டு இருந்துச்சு. ஸ்டாலின்கிராட்ல இருந்து பெர்லின் வரைக்கும் இந்த லாரிங்க இல்லாம எப்படி முன்னேறியிருப்போம்னு, ஸ்டாலினுக்கு அப்புறம் சோவியத் தலைவரான குருஷேவே பின்னாடி கேட்டிருக்காரு.

மணி_டீசல்: அவ்ளோ லாரியும் அமெரிக்காவுல இருந்து எப்படிண்ணே வந்துச்சு?

பழைய_வரைபடம்: ஒரு முக்கியமான வழி ஈரான் தம்பி. லாரியைப் பிரிச்சு பொட்டி பொட்டியா கப்பல்ல கொண்டுவந்து, அங்க கோரம்ஷஹர், அண்டிமெஷ்க்ங்கிற ஊர்கள்ல ஷெட் போட்டு பாகத்தையெல்லாம் திரும்ப பூட்டி வண்டியாக்குனாங்க. கோடையில அங்க வெயில் 50 டிகிரிக்குப் போகும், வெளிய கிடக்குற ஸ்பேனரைத் தொட்டா கை பொத்துப்போகும். பூட்டுன வண்டியை காலியா அனுப்பல, அதுலயே சரக்கை ஏத்தி மலைப்பாதையில வடக்க ரஷ்யா எல்லைக்கு ஓட்டிட்டுப் போனாங்க.