சைவநெறி வகுப்பின் கடைசி வாங்கில் முஸ்லிம் பிள்ளைகள்: என்ன செய்யலாம்?

கடலோரத்து டீச்சர் (மன்னார் மாவட்டம்)

எங்களுடையது தமிழ்மொழி மூலப் பாடசாலை. கத்தோலிக்கப் பிள்ளைகள்தான் கூட. அடுத்தது சைவப் பிள்ளைகள், பிறகு கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகள். நான் ஆறாம் தரத்துக்கு வகுப்பாசிரியை, சைவநெறியும் படிப்பிக்கிறேன்.

வெளியில் இருந்து வாசிப்பவர்களுக்காக: இலங்கையில் சமயம் கட்டாய பாடம். அவரவர் சமயத்தை அவரவர் ஓ.எல். (பதினோராம் தர அரசாங்கச் சோதனை) வரை படித்துச் சோதனை எழுத வேண்டும். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாவற்றுக்கும் அரசாங்கமே தனித்தனிப் புத்தகம் இலவசமாகக் கொடுக்கிறது. சமயப் பாடவேளை வந்தால் எங்கள் வகுப்பு மூன்றாகப் பிரியும்.

புத்தகம் வந்துவிட்டது, ஆனால் இஸ்லாம் படிப்பிக்க ஆள் இல்லை. இருந்த ஆசிரியர் இடமாற்றத்தில் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்கிறது. அந்த ஐந்தாறு பிள்ளைகளும் என் வகுப்பின் கடைசி வாங்கில் இஸ்லாம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருப்பார்கள். கண் புத்தகத்தில், காது என்னிடம்.

போன தவணை, எங்கள் மாவட்டத்துச் சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்தின் பதிகம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து அதில் ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். கோபமாக இல்லை. "டீச்சர், மகள் தேவாரம் பாடுறா, நல்லாத்தான் இருக்கு. எங்கட பாடத்த யாரு சொல்லிக் குடுக்குற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதிபர் நூலகத்துக்கு அனுப்பச் சொல்கிறார். அங்கே பார்க்க ஆள் இல்லை. நானே அவர்கள் புத்தகத்தை வாசித்துப் படிப்பிக்கலாமா? அல்லது சமயப் பாடவேளைகளில் ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக வைத்து எல்லாச் சமயங்களையும் பற்றிப் பேசலாமா? எங்கள் மாவட்டத்தில் இது லேசான விஷயம் இல்லை என்பதும் தெரியும். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீச்சரக் கோயில் வளைவைக் கத்தோலிக்கர் சிலர் பிடுங்கி விழுத்தியதும், அடுத்த மாதம் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என் பிள்ளைகள் அப்போது முன்பள்ளி வயது. ஆனால் வீட்டில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தானே வளர்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற வாத்தி (மட்டக்களப்பு)

தங்கச்சி, முதலில் நூலகத்தை மறந்துவிடுங்கள். பிள்ளையை வெளியே அனுப்பினால் அந்தப் பாடவேளை போச்சு. பிறகு ஓ.எல்.லில் சமயத்துக்கு வாங்கும் புள்ளியைப் பார்த்து எல்லாரும் பிள்ளையைத்தான் ஏசுவார்கள்.

நீங்கள் இஸ்லாம் படிப்பிப்பதும் வேண்டாம். உங்களுக்கு அறிவு போதாது என்று சொல்லவில்லை. அது விசுவாசிக்கு விசுவாசி சொல்லிக்கொடுக்கும் பாடமாக எழுதப்பட்டிருக்கிறது. தொழுகை முறையை நீங்கள் கரும்பலகையில் எழுதலாம், பிள்ளை தொழும்போது திருத்த முடியுமா? அதோடு, ஏதாவது ஒன்றைக் குறைத்தோ கூட்டியோ சொல்லிவிட்டால் ஊர் உங்களை விடாது.

இஸ்லாம் படிப்பிக்கும் மௌலவி ஆசிரியர் நியமனம் நாடு முழுக்க நெடுநாளாக இழுபடும் கதை. அதற்காகக் காத்திருக்காமல், பக்கத்து முஸ்லிம் பாடசாலை ஆசிரியரைக் கிழமையில் ஒரு நாள் இணைப்பாகக் கேளுங்கள். கேட்பது நீங்கள் அல்ல, அதிபர் கேட்க வேண்டும், வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில். தரம் 6 முதல் 11 வரை உள்ள முஸ்லிம் பிள்ளைகளை ஒரே பாடவேளையில் சேர்க்கிற மாதிரி நேரசூசியை மாற்றிக் கொடுத்தால்தான் வருகிறவருக்கும் ஒரு பிரயோசனம். அதிபர்மார் இதைச் செய்யப் பஞ்சிப்படுவதுதான் பாதிப் பிரச்சினை.

அந்தத் தாயின் பயம் புதிதில்லை. ஆறுமுக நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தவர். அதே மனுஷன்தான் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் பள்ளியில் படித்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்ற அதே கவலைதான். அன்று நம் ஆட்களுக்கு இருந்தது, இன்று அந்த உம்மாவுக்கு.

---

நெல்லைக்காரன்

எங்கள் பக்கம் அரசுப் பள்ளியில் சமயப் பாடமே கிடையாது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது என்று இந்திய அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு சொல்கிறது. நீதிபோதனை என்று ஒரு பீரியட் இருந்தது, அதையும் கணக்கு சார் எடுத்துக்கொள்வார். நீங்களும் அந்தப் பாடத்தையே தூக்கிவிட்டால் என்ன?

---

ஓய்வுபெற்ற வாத்தி

தம்பி, அது பாராளுமன்றத்தில் பேச வேண்டியது. டீச்சருக்குத் திங்கட்கிழமை பாடவேளை இருக்கிறது.

---

பேசாலைப் பிள்ளை

நான் கத்தோலிக்கத் திருமறை படிப்பிக்கிறேன், உங்கள் பக்கத்து ஊர்தான். வாத்தி ஐயா சொன்னது சரி, ஆனால் அதோடு நின்றால் போதாது. பிள்ளைகள் மற்றவர் சமயத்தைப் பற்றிக் கேட்க இடமே இல்லாமல் பதினோராம் தரம் வரை போகிறார்கள். மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சைவ ஆட்களும் போகிறார்கள். ஆனால் என் வகுப்பில் ஒருவன் "நோன்பு என்றால் துப்பலும் விழுங்கக்கூடாதா மிஸ்?" என்று என்னைக் கேட்கிறான். பக்கத்தில் இருக்கும் கூட்டாளியைக் கேட்கக் கூச்சம்.

அதற்காக ஒரு பாடவேளையை எடுக்காதீர்கள், பெற்றோர் சந்தேகப்படுவார்கள். வாணி விழா (சரஸ்வதி பூசை), ஒளி விழா (நத்தார்), மீலாத் விழா (நபிகள் பிறந்த நாள்) மூன்றும் எப்படியும் நடக்கும். அந்த நாட்களைப் பாவியுங்கள். நாங்கள் வாணி விழாவுக்குச் செய்யும் ஒரு வேலை: அவல், கடலையில் ஒரு பங்கைப் படைக்காமல் முதலே தனியாக எடுத்து வைத்துவிடுவோம். படைத்ததைச் சாப்பிடாத முஸ்லிம் பிள்ளைகளும், சில கிறிஸ்தவ சபைப் பிள்ளைகளும் அதில் சாப்பிடுவார்கள். முன்பெல்லாம் அன்றைக்கு வீட்டில் நின்றுவிடுவார்கள். இப்போது வந்து மேசை தூக்குகிறார்கள், கதிரை அடுக்குகிறார்கள். கும்பிடும்படி யாரும் சொல்வதில்லை. அது மட்டும் கறாராக இருக்க வேண்டும்.

---

ஒஸ்லோ அம்மா

எங்கள் அனுபவம் நேர்மாறானது. நோர்வேயில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமய வகுப்பு. 1997இல் கிறிஸ்தவத்தை முதன்மையாக வைத்து ஒரே பாடமாக்கினார்கள், முழு விலக்கு கிடையாது. மதம் சாராத பெற்றோர் சிலர் வழக்குப் போட்டு, 2007இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வென்றார்கள். 17 நீதிபதிகளில் 9 பேர் பெற்றோர் பக்கம், 8 பேர் அரசு பக்கம். அடுத்த வருடம் பெயரையும் சட்டத்தையும் மாற்றினார்கள். 2015இல் கிறிஸ்தவம் என்ற சொல் பாடத்தின் பெயருக்குள் திரும்ப வந்தது, பாட நேரத்தில் ஏறக்குறையப் பாதியும் அதற்கே.

இதில் டீச்சருக்கு உதவக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு சமயத்தைப் பற்றி அறிவதில் இருந்து பிள்ளையை விலக்க முடியாது. ஆனால் அந்தச் சமயத்தைக் கடைப்பிடிப்பது போலப் பெற்றோருக்குப் படுகிற எதில் இருந்தும் விலக்குக் கேட்கலாம். நத்தாருக்கு முன் பள்ளியோடு தேவாலயத்துக்குப் போகிற நாளில், போகாத பிள்ளைகளுக்கு வேறு ஏதாவது ஒழுங்கு செய்வார்கள். நான் மகனை அனுப்புவேன், அவனுக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். என் சிநேகிதி அனுப்ப மாட்டார். இரண்டு பேரையும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்து சமயப் பாடம் வந்தபோது டீச்சர் என் மகனை முன்னுக்குக் கூப்பிட்டு, மறுபிறப்பு பற்றிச் சொல் என்று கேட்டிருக்கிறார். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அம்மம்மா வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிட மாட்டார் என்பது. வகுப்பு சிரிக்கவில்லை, ஆனால் ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான். பிள்ளைகள் மற்றவர் சமயத்தைப் பற்றிக் கேட்க இடம் வேண்டும் என்று பேசாலைப் பிள்ளை சொல்வது நல்லதுதான். கேட்பவன் கூட்டாளியாக இருக்கட்டும். டீச்சர் ஒரு பிள்ளையைச் சமயத்தின் பிரதிநிதியாக நிறுத்தினால் அது விசாரணைதான்.

---

கடலோரத்து டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. அறிவது வேறு, கடைப்பிடிப்பது வேறு என்று ஒஸ்லோ அக்கா பிரித்துச் சொன்னது எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. திருக்கேதீச்சரம் எங்கள் மாவட்டத்துக் கோயில். சம்பந்தரும் சுந்தரரும் பாடியிருக்கிறார்கள், பக்கத்தில் மாந்தைத் துறைமுகம் இருந்தது, சிவராத்திரியன்று யாரும் பாலாவித் தீர்த்தத்தில் நீர் எடுத்துத் தங்கள் கையாலேயே லிங்கத்துக்கு வார்க்கலாம். இவ்வளவும் எந்தப் பிள்ளையும் அறியலாம். பதிகத்தைப் பண்ணோடு மனனம் செய்வது சைவப் பிள்ளைகளுக்கு. ஆகவே மனனத்தைச் சமயப் பாடவேளையிலும், ஊர்க் கதையை வரலாற்று டீச்சரோடு பேசி அவர் பாடத்திலும் வைக்கப் போகிறேன். அப்படியே மடுவையும், ஊரில் உள்ள பழைய பள்ளிவாசலையும்.

அதிபர் நேரசூசியை மாற்றச் சம்மதித்துவிட்டார், முணுமுணுப்போடு. வலயத்துக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும், ஐயா?

---

ஓய்வுபெற்ற வாத்தி

தரம் வாரியாக முஸ்லிம் பிள்ளைகளின் எண்ணிக்கை. வெற்றிடம் எப்போதிருந்து என்பது. மாற்றிய நேரசூசியின் பிரதி. எந்தப் பாடசாலையில் இருந்து ஆள் கேட்கிறீர்கள் என்பதையும் நீங்களே எழுதுங்கள், அவர்கள் தேடட்டும் என்று விட்டால் கடிதம் கோவைக்குள் போய்விடும். பெற்றோர் கையொப்பம் தனித்தாளில். அந்த உம்மாவை முதல் கையொப்பம் போடச் சொல்லுங்கள்.