ஒரே ஓர் உலர்மாதிரியைக் கொண்டு புதிய சிற்றினத்தை அறிவிக்கலாமா?

வேர்முடிச்சு:
பூக்கும் தாவரங்களில் இன்னும் அறிவியல் பெயரிட்டு விவரிக்கப்படாத இனங்கள் 70,000 வரை இருக்கலாம் என்றும், அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே சேகரிக்கப்பட்டு ஹெர்பேரிய (தாளில் அழுத்தி உலர்த்திய செடிமாதிரிகளின் காப்பக) அலமாரிகளில் கிடக்கின்றன என்றும் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. புதிய இனங்களில், சேகரித்த ஐந்தாண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டவை 16 விழுக்காடுதான். எனவே வேறுபாடு தெளிவாகத் தெரியுமானால், ஒரே ஓர் உலர்மாதிரியை வைத்தேனும் பெயரை வெளியிட்டுவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. பெயரிடல் விதிகளும் ஒரு வகைமாதிரியையும் (பெயருக்கு நிலையான சான்றாக வைக்கப்படும் மாதிரி), செடியின் விவரிப்பையோ நெருங்கிய இனங்களிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்ற குறிப்பையோ கட்டாயமாகக் கேட்கின்றன; பல மாதிரிகளைக் கேட்பதில்லை.

காட்டுச்சம்பங்கி:
விதி அனுமதிக்கிறது என்பதற்காக அது நல்ல அறிவியல் ஆகிவிடாது. இஞ்சிக் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மலர்கள் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. தாளில் அழுத்தி உலர்த்தினால் மென்மையான இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பழுப்புக் கறையாகிவிடுகின்றன. வெந்நீரில் ஊறவைத்து நுண்ணோக்கியின்கீழ் பிரித்தெடுத்தாலும் நிறமும் மணமும் மீளாது. அதே குடும்பத்து அஃப்ரமோமம் பேரினத்தின் மாதிரிகளில் 58 விழுக்காட்டுக்குச் சரியான பெயர் இருக்கவில்லை என 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவசரப் பெயர்கள் இந்தக் குழப்பத்தைக் கூட்டவே செய்யும்.

வேர்முடிச்சு:
அந்த ஆய்வு என் பக்கமே பேசுகிறது. இருக்கும் மாதிரிகளைக் கவனிக்க ஆளில்லாததால் வந்த குழப்பம் அது. விக்டோரியா பொலிவியானா என்னும் மாபெரும் அல்லியின் மாதிரி லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் 177 ஆண்டுகள் வேறோர் இனத்தின் பெயரில் கிடந்து, 2022-இல்தான் தனிப்பெயர் பெற்றது. மூன்று மீட்டர் அகல இலையுள்ள செடிக்கே இந்த நிலை என்றால், சிறு புதர்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

காட்டுச்சம்பங்கி:
அந்த அல்லியை அடையாளம் காண உதவியது எது என்பதை விட்டுவிட்டீர்களே! பொலிவியாவிலிருந்து வந்த விதைகளை முளைக்கவைத்து, மற்ற இரு இனங்களுக்கு அருகிலேயே வளர்த்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. பழைய உலர்மாதிரி சான்றாக நின்றது என்பது உண்மை. ஆனால் தீர்ப்பைத் தந்தது உயிருள்ள செடி.

சூலகப்பை:
இருவரும் ஒன்றைத் தவறவிடுகிறீர்கள். உயிருள்ள செடிக்காகக் காத்திருப்பது எப்போதும் நம் கையில் இல்லை. கேமரூனில் 1951-இல் சேகரிக்கப்பட்ட வெப்ரிஸ் பாலி என்ற மரம் 2018-இல் பெயர் பெற்றபோதே, அது அற்றுப்போயிருக்கக்கூடும் என்ற குறிப்போடுதான் வெளிவந்தது. பெயரில்லாத செடிக்காக எந்தக் காட்டையும் காப்பாற்ற வாதாட முடியாது.

காட்டுச்சம்பங்கி:
அத்தகைய மரத்துக்கு ஒரே ஓர் உலர்மாதிரி போதும் என்பதை ஏற்கிறேன். திரும்பிச் சென்று சேகரிக்க அங்கே எதுவும் மிஞ்சவில்லை. காடு இன்னும் நிற்கும் இடங்களில் மட்டும் அந்தச் சலுகையை மறுக்கிறேன். பூவோ காயோ இல்லாத வெறும் இலைக்கிளையை வைத்து வரும் அறிவிப்புகளை ஏற்கவே கூடாது.

வேர்முடிச்சு:
இலைக்கிளை விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் "காடு நிற்கும் இடம்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மாதிரியின் சீட்டில் உள்ள இடம் இன்று எண்ணெய்ப்பனைத் தோட்டமா என்பதை முதலில் செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் அந்த நிபந்தனையை விதிக்க வேண்டும்.