நோட்டுல ஏறாம கொடுக்க என்ன வழி?

கேள்வி: வேளச்சேரி மதுரைக்காரி

சொந்த ஊர் திருமங்கலம், இப்ப இருக்கிறது சென்னை. ஊர்ல எங்க தெருமுனையில இட்லிக்கடை போட்டிருக்கிற அக்காவோட சின்ன மகளுக்கு வர்ற மாசம் கல்யாணம். பத்திரிகையை அம்மாகிட்டக் கொடுத்துட்டு, எனக்குத் தனியா போன் பண்ணி, "பாப்பா, நீ வராம இருந்தா நான் தாலி எடுத்துக் கொடுக்க விடமாட்டேன்"னாங்க.

விஷயம் மொய்தான். அம்மாவோட மொய் நோட்டு பழைய நீளவாக்கு நோட்டு. நாலு மூலையிலும் மஞ்சள், மேல பிள்ளையார் சுழி, திருப்பிச் செஞ்சதுக்கெல்லாம் சிவப்பு மையில டிக். 2011ல என் கல்யாணத்துக்கு அக்கா 1001 எழுதியிருக்காங்க. அதே பக்கத்துல எங்க சொந்தப் பெரியப்பா 501! 2017ல அவங்க மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு அம்மா 2001 எழுதினாங்க. 2022ல என் மகன் காதுகுத்துக்கு அக்கா 2501. அதுக்கு முந்தின வருஷம்தான் கொரோனாவுல அவங்க வீட்டுக்காரர் போனார். ஆட்டோவை வித்தாச்சு, கடை மட்டும்தான். அந்த நிலைமையிலயும் 500 சேர்த்து எழுதியிருக்காங்க.

எனக்கு 25,000 செய்யணும்னு ஆசை. அம்மா ஒரே பிடியா மறுக்கிறாங்க. "3001 எழுது, போதும். 25,000 எழுதினா நாளைக்கு உன் மக சடங்குக்கு அவ வட்டிக்கு வாங்கிட்டு வந்து நிப்பா. அப்படி வைராக்கியக்காரி அவ"ன்னு சொல்றாங்க. வீட்டுக்காரர், பேர் போடாம கவர்ல வச்சுக் கொடுத்துடுன்றார் (அவருக்குக் கோயமுத்தூர், எங்க ஊரு மைக் செட் பத்தித் தெரியாது). அவங்க மனசு நோகாம, கடனாவும் ஆகாம எப்படிக் கொடுக்கிறது?

---

உசிலம்பட்டியான்

சொந்தக்கார விசேஷத்துல எல்லாம் மொய் மேசையில உட்கார்ற ஆள் நான். ஒருத்தர் பணத்தை எண்ண, ஒருத்தர் எழுதன்னு இருந்தது போய், இப்ப கம்ப்யூட்டர் வச்சு பில்லே அடிச்சுக் கொடுத்துடுறாங்க. சில இடத்துல மைக்கிலயும் வாசிக்கிறாங்க. பேர் இல்லாத கவர் வந்தா நாங்க சும்மா விடமாட்டோம், ராத்திரி கணக்கு முடிக்கிறப்ப "இது யாரு, இது யாரு"ன்னு வீட்டையே கூட்டிடுவோம். உங்க வீட்டுக்காரர் யோசனை தேறாது.

அம்மா சொன்னதுதான் சரி. மேசைக்கு வந்தா அது கடன், யார் என்ன நினைச்சுக் கொடுத்தாலும். அங்க 3001 எழுதுங்க. மீதியைக் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே கொடுத்துடுங்க. மொய்ப்பணம் வர்றது தாலி கட்டின பிறகு. சமையல்காரர் அட்வான்ஸ், மண்டப பாக்கி, காய்கறின்னு கை கடிக்கிறதெல்லாம் அதுக்கு முந்தின வாரம். அப்ப வர்ற பத்தாயிரம், மேசைக்கு வர்ற இருபத்தஞ்சாயிரத்தை விடப் பெரிசு.

---

சும்மா_வந்தவன்

தப்பா நினைக்காதீங்க. இது கல்யாணமா, வட்டிக்கடையா? பிடிச்சவங்களுக்குக் கொடுக்க ஏன் இவ்வளவு கணக்கு? ஜிபே பண்ணிட்டு வேலையைப் பாருங்க.

---

பேராவூரணி தென்னை

தம்பி, எங்க பக்கம் வந்து இதைச் சொல்லிப் பாருங்க. :) ஆடி மாசமானா பேராவூரணி, கீரமங்கலம், வடகாடுன்னு மொய் விருந்துதான். கறிச்சோறு போட்டு வாங்கின பணத்துலதான் போர்வெல் போட்டவனும் இருக்கான், பிள்ளையைக் காலேஜ்ல சேர்த்தவனும் இருக்கான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. கணக்கு இருக்கிறதாலதான் வாங்குறவன் தலை குனியாம வாங்குறான். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுத் தென்னையெல்லாம் சாஞ்சப்ப, எங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவங்களும் எங்களைப் போலவே மொட்டைத் தோப்பைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்ப எங்கப்பா நோட்டை எடுத்துப் பரண்ல போட்டுட்டார். யார்கிட்டயும் "உங்க பாக்கி"ன்னு வாயெடுக்கக் கூடாதுன்னு வீட்டுல உத்தரவு.

தங்கச்சி, நீங்க பணமா கொடுக்காதீங்க. ஒரு செலவை ஏத்துக்கங்க. "அக்கா, பந்திக்கு அரிசி என் பொறுப்பு"ன்னு சொல்லிடுங்க. நூறு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ போட்டுக்கங்க. பொன்னிச் சிப்பமா எடுத்தா, கடையில இருந்து நேரா மண்டபத்துக்கு இறக்கிடலாம். அரிசியை எந்த நோட்டுலயும் எழுத மாட்டாங்க.

---

பூக்கட்டு_வீட்டுப்_பொண்ணு

நான் வாங்கின பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்கம்மா பூ கட்டி விக்கிறவங்க. எங்க அக்கா கல்யாணத்துல, அம்மா வாடிக்கையா பூ கொடுக்கிற ஒரு பெரிய வீட்டுக்காரர் பத்தாயிரம் எழுதி, அதை மைக்கில ரெண்டு தடவை சொல்லச் சொன்னார். மண்டபமே திரும்பிப் பார்த்துச்சு. நல்ல எண்ணத்துலதான் செஞ்சிருப்பார், அதை மறுக்கலை. ஆனா அவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வந்தப்ப எங்கம்மா போகலை. காய்ச்சல்னு என்னைச் சொல்லச் சொன்னாங்க. அப்புறம் அந்தத் தெரு வழியா பூக்கூடை போறதே நின்னு போச்சு. ஒரு வாடிக்கையும் போச்சு.

அதே கல்யாணத்துல எங்க டீச்சர் ஒருத்தங்க 201தான் எழுதினாங்க. முத நாள் சாயங்காலமே வந்து, எங்க சித்திங்களோட தரையில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சாங்க. கண்ணைத் தொடைச்சுக்கிட்டே மாப்பிள்ளை வீட்டைப் பத்தி வம்பு வேற. அம்மா இன்னிக்கும் பேசுறது அவங்களைப் பத்திதான்.

ரெண்டே விஷயம் சொல்றேன். உங்ககிட்ட இருக்கிறதுல நல்ல பட்டுச்சேலையைக் கட்டிட்டுப் போங்க. "சின்ன மண்டபம்தானே"ன்னு சாதா புடவையில வந்தவங்களை எங்கம்மா ஒருத்தர் விடாம கவனிச்சாங்க. அப்புறம், பந்தியில உட்கார்ந்து சாப்பிடுங்க. ட்ரெயினுக்கு நேரமாச்சுன்னு ஒரு வாய் பாயசம் குடிச்சுட்டு ஓடாதீங்க. பிள்ளைங்களையும் இலையில உட்கார வைங்க, அது வேணாம் இது வேணாம்னு முகம் சுளிக்காம.

---

சும்மா_வந்தவன்

ஜிபேயை வாபஸ் வாங்கிக்கிறேன்.

---

வேளச்சேரி மதுரைக்காரி

எல்லாருக்கும் நன்றி. பூக்கட்டு வீட்டுப் பொண்ணு, உங்க அம்மா விஷயத்தை எங்கம்மாகிட்டப் போன்ல வாசிச்சேன். "நான் சொன்னப்ப ஏறலை, யாரோ எழுதினா ஏறுது"ன்னு எனக்குத்தான் திட்டு.

அக்காகிட்ட நேரா கேக்காம மூத்த பொண்ணுகிட்டப் பேச்சுக் கொடுத்தேன். அரிசி ஏற்கெனவே வாங்கியாச்சாம், கடைக்கு எடுக்கிற இடத்துலயே சகாயமா. நெருக்கடி வேற இடத்துல. சமையல்காரருக்கு முன்பணம் போக மீதி பதினெட்டாயிரம் முகூர்த்தத்துக்கு முத நாளே கைக்கு வரணும்னு நிக்கிறாராம். அவர் எங்க தெருக்காரர், என் கல்யாணத்துக்கும் அவர்தான் சமைச்சார். அம்மாவே போய் கொடுத்துட்டு வந்துட்டாங்க. அக்காகிட்ட அம்மா சொன்னது: "உன் வீட்டுக்காரன் இவளைத் தினமும் ஆட்டோவுல பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டானே, ஒரு மாசம் காசு வாங்கினானா? அந்தக் கணக்குடி இது. நீ பேசாத." அக்கா அழுதாங்களாம், சண்டையும் போட்டாங்களாம், கடைசியில ஒரு தூக்கு நிறைய சட்னியைக் கொடுத்து அனுப்பியிருக்காங்க.

மேசையில 3001 எழுதுறேன், அம்மா பேர்ல. பட்டு எடுத்து அயர்னுக்குப் போட்டாச்சு. முத நாளே வந்து பொண்ணுக்கு ஜடை தைக்கணும்னு அக்கா உத்தரவு. பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிறோம். தட்கலும் கிடைக்கலைன்னா ஆம்னி பஸ்காரன் என்ன கேட்டாலும் கொடுத்துட்டு ஏற வேண்டியதுதான்.