புதுப்பிப்பு: ஸ்லோன் ஸ்பெக்ட்ரமும் மாடலும் ஒட்டாத பிரச்சனை தீர்ந்துச்சு

போன வாரம் கேட்டிருந்தேனே, ஐஸ்பெக்ல (நட்சத்திர ஒளியை அலசுற மென்பொருள்) மூக்ங்குற நிரலை வச்சு பண்ணின மாடல் கோடுங்க ஸ்லோன் சர்வே (வானத்தை அளந்து தரவு வெளியிடுற திட்டம்) குடுத்த நட்சத்திர ஸ்பெக்ட்ரத்தோட ஒட்டவே மாட்டேங்குது, நட்சத்திரத்தோட வேகம் செகண்டுக்கு நூறு கி.மீ.க்கு மேல கூட காட்டுதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

லாஸ்பேட்டை அக்கா சொன்னதுதான் சரி. ஸ்லோன் அலைநீளம் வெற்றிடத்துல ஒளிக்கு இருக்குற கணக்கு, மாடலுக்கு நான் குடுத்த கோட்டுப் பட்டியல் காத்துல இருக்குற கணக்கு. ஹைட்ரஜன் ஆல்ஃபாங்குற கோடு காத்துல 6562.8 ஆங்ஸ்ட்ராம், வெற்றிடத்துல 6564.6, இந்தத் துக்குணூண்டு வித்தியாசமே செகண்டுக்கு சுமார் 83 கி.மீ. ஆயிடுது! மாத்தினதும் அந்த 83 போயிடுச்சு.

ஆனா இன்னும் இருபது சொச்சம் நின்னுச்சு, அது முழுக்க என் தப்பு, பூமி சூரியனைச் சுத்துற வேகத்துக்கான திருத்தத்தை நானும் போட்டேன், ஸ்லோன்காரங்க ஏற்கனவே போட்டுத்தான் குடுக்குறாங்க, ரெண்டு தடவ ஆயிடுச்சு. அதை எடுத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு.

கடலூர் தம்பி சொன்ன மாதிரி மாடலை ஸ்லோன் கருவியோட ரெசல்யூஷனுக்கு (அலைநீளத்தைப் பிரிச்சுக் காட்டுற திறன்), அதாவது சுமார் 2000க்கு, மங்கலாக்கவும் செஞ்சேன், வேகம் மாறல, ஆனா கோட்டோட ஆழம் இப்பதான் பொருந்துது. ஸ்லோன் ஃபைல்ல அலைநீள நெடுவரிசை லாக்ல (மடக்கை) இருக்கும், பத்தோட அடுக்கா மாத்திக்கோங்க, நான் அதுலயே ஒரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தேன்.