இரவில் இரண்டு தரையிறக்கம்: விமானிக்கு எண்ணிக்கை போதுமா?

ரோஸ்டர்காரன்:
விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ 2024 ஜனவரியில் அறிவித்த விமானிகளின் பணிநேர விதி, 2025 நவம்பரில் முழுசாக அமலானது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவில் ஆறு தரையிறக்கம் வரை அனுமதி இருந்த இடத்தில் இரண்டு மட்டும். அடுத்த மாதமே இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. இண்டிகோவுக்கு மட்டும் இரவு விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். எல்லாருக்கும் ஒரே எண் என்பது சோம்பேறித்தனம். களைப்பை அளந்து ரோஸ்டர் (பணி அட்டவணை) போடும் எஃப்ஆர்எம்எஸ் முறைக்குப் போகலாமே?

வலதுசீட்டு:
இரண்டு வருஷம் முன்பே தெரிந்த விதிக்கு ஆள் எடுக்காமல் இருந்துவிட்டு விதியைத் திட்டுவது நல்லாயிருக்கு. இரண்டாவது செக்டர் (ஒரு ஏற்றம், ஒரு இறக்கம்) முடிந்து பெட்டியை எடுக்கும்போது போன் வரும்: "சார், இன்னும் ஒண்ணு மட்டும், அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?" களைப்பு என்றால் விளக்கம் கேட்பார்கள். லிமிட் முடிந்தது என்றால் போனை வைத்துவிடுவார்கள்.

ரோஸ்டர்காரன்:
மங்களூரு விமான விபத்து, 2010 மே 22. 158 பேர் இறந்தார்கள். துபாய் போய்த் திரும்பிய பணி, மொத்தமே இரண்டு தரையிறக்கம்! கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சீட்டிலேயே தூங்கினார். காக்பிட் ரெக்கார்டரில் குறட்டை பதிவாகியிருந்தது. தூக்க மந்தம் தெளியாமல் விமானத்தை இறக்கினார். துணை விமானி மேலே ஏறச் சொல்லியும் கேட்கவில்லை. உங்கள் எண் எங்கே காப்பாற்றியது?

நடுநிசி:
தூங்கியது தப்பில்லை, கணக்கில்லாமல் தூங்கியதுதான் தப்பு. 1994-இல் வெளிவந்த நாசா ஆய்வில் நீண்டதூர விமானிகளுக்கு முறை வைத்து சீட்டிலேயே 40 நிமிடம் ஓய்வு கொடுத்தார்கள். சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். ஓய்வு கொடுக்காத குழுவைவிட, இறங்கும் நேரத்தில் இவர்களுக்குக் கண் சொருகுவது குறைவாக இருந்தது. அமெரிக்காவே இன்னும் அதை அனுமதிக்கவில்லை என்பது தனிக் கூத்து.

வலதுசீட்டு:
சரி, மங்களூருவை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் எஃப்ஆர்எம்எஸ்ஸில் தரவு யார் கையில் இருக்கும்? கம்பெனி கையில். போன மாதம் நான் போட்ட களைப்பு ரிப்போர்ட்டுக்கு வந்த பதில் ஒரே வரி: "ரோஸ்டர் விதிக்கு உட்பட்டதே."

ரோஸ்டர்காரன்:
பார்த்தீர்களா, உங்களைத் திருப்பி அடித்ததும் அதே எண்தான்.

வலதுசீட்டு:
அப்புறம் நீங்களே சொல்லுங்கள். ஏழு படி களைப்பு அளவுகோலில் ஆறு என்று குறித்தால், அன்றைக்கே என்னை டியூட்டியிலிருந்து எடுப்பீர்களா?

ரோஸ்டர்காரன்:
ஸ்டாண்ட்பை ஆள், அதாவது மாற்று விமானி, இருந்தால் எடுப்பேன்.

வலதுசீட்டு:
டிசம்பரில் இல்லாமல் போனதும் அந்த ஆள்தானே?